தேயிலைக்கு அடியில் இருக்கும் தரை: எண்முறை நிலவடிவ மாதிரி இன்றும் இனியும்

குன்னூரைச் சேர்ந்த ஒரு கட்டடப் பொறியியல் மாணவர் கேட்டிருக்கும் கேள்வி இது. இறுதியாண்டுத் திட்டப்பணிக்காகக் கோத்தகிரிச் சாலையை ஒட்டிய ஒரு மலைப்பகுதியின் சரிவு வரைபடத்தை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் உயரத் தரவைக் கொண்டு தயாரித்திருக்கிறார். அது நம்பத்தக்கதா, நிலத்தின் உயரங்களை எண்களாகக் கணினியில் பதிந்து வைக்கும் எண்முறை நிலவடிவ மாதிரி என்னும் இத்துறை இன்று எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த பத்தாண்டுகளில் எங்கே போகும் என்பவை அவருடைய ஐயங்கள். நீலகிரியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நில அளவைப் பணியில் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு பள்ளத்தாக்கின் போக்கைப் புரிந்துகொள்ள உங்கள் தரவு போதும். ஒரு குறிப்பிட்ட இடத்தில் வீடு கட்டலாமா வேண்டாமா என்று சொல்லப் போதாது.

முதலில் ஒரு சிறு கணக்கு. 30 மீட்டர் தரவில் ஒரு கட்டம் என்பது 900 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 22 சென்ட். அந்த 22 சென்ட்டுக்கும் சேர்த்து ஒரே ஓர் உயர எண்தான் இருக்கும். இங்கே மனை வாங்குகிறவர்கள் 5 சென்ட், 10 சென்ட் என்றுதான் வாங்குகிறார்கள். அந்த மனையைச் சமப்படுத்தப் பொக்லைன் வைத்து வெட்டும் செங்குத்தான மண்சுவரோ, அதற்குக் கீழே கொட்டப்படும் மண்மேடோ ஒரு கட்டத்தின் கால்பங்கைக்கூட நிரப்புவதில்லை. போதாக்குறைக்கு, சரிவைக் கணிக்கும் மென்பொருள் ஒரு கட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை. சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களின் உயரங்களை எடுத்துச் சராசரி காண்கிறது. ஆகவே உங்கள் வரைபடத்தில் ஒரு புள்ளியில் 22 டிகிரி என்று காட்டப்படும் சரிவு, உண்மையில் 60 மீட்டருக்குப் பரந்த ஒரு நிலப்பரப்பின் சராசரிச் சரிவு. வீட்டுக்குப் பின்னால் 5 மீட்டர் உயரத்துக்கு நேராக வெட்டி நிறுத்தப்பட்ட மண்சுவர் இருந்தாலும், அந்த இடம் வரைபடத்தில் 22 டிகிரியாகவே, பச்சை நிறத்தில், அமைதியாக இருக்கும்.

அடுத்தது பெயர்க் குழப்பம். டிஇஎம், டிஎஸ்எம், டிடிஎம் என்று மூன்று சுருக்கங்கள் புழங்குகின்றன. உயரங்களைக் கட்டம் கட்டமாக வைத்திருக்கும் எதையும் டிஇஎம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் எது முதலில் கண்ணில் படுகிறதோ, அதாவது மர உச்சி, கூரை, பாலம் ஆகியவற்றின் உயரம் டிஎஸ்எம். அவற்றையெல்லாம் நீக்கிவிட்டு வெறும் மண்ணின் வடிவத்தைக் காட்டுவதுதான் டிடிஎம், அதாவது நிலவடிவ மாதிரி. இந்தக் கடைசிச் சொல் புதியதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சார்லஸ் மில்லரும் அவருடைய சகாவும் நெடுஞ்சாலை வடிவமைப்பைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் முயற்சியில் 1958-லேயே இதைப் பயன்படுத்தினார்கள். சாலை போடுகிறவனுக்கு வேண்டியது மண்ணின் உயரம். மரத்தின் உயரம் அன்று. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், உலகம் முழுவதற்கும் இலவசமாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை டிஎஸ்எம் வகையைச் சேர்ந்தவையாகவோ, அதற்கும் தரைக்கும் இடையில் எங்கோ தொங்கிக்கொண்டிருப்பவையாகவோதான் இருக்கின்றன.

நீங்கள் பதிவிறக்கியது எது என்று கேள்வியில் சொல்லவில்லை. அது எஸ்ஆர்டிஎம் என்றால், 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள்களில் எடுத்த ரேடார் அளவு. 60 மீட்டர் நீளக் கம்பத்தின் முனையில் இரண்டாவது அலைவாங்கியை நிறுத்தி, ஒரே நேரத்தில் இரு இடங்களிலிருந்து பார்த்து உயரம் கணித்தார்கள். கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் தரவு என்றால், அது 2010-க்குப் பின் டான்டெம்-எக்ஸ் என்னும் ஜெர்மானிய இரட்டைச் செயற்கைக்கோள்கள் எடுத்த அளவு. சமநிலத்தில் எஸ்ஆர்டிஎம்மைவிடத் தெளிவாக மேம்பட்டது. நம் நாட்டின் கார்டோசாட்-1, 2005 மே 5-இல் ஏவப்பட்டது. முன்னோக்கி 26 டிகிரியும் பின்னோக்கி 5 டிகிரியும் சாய்ந்த இரண்டு கேமராக்களால் ஒரே இடத்தை இருமுறை படமெடுத்து, நம் இரு கண்கள் ஆழத்தை உணர்வதைப் போல உயரத்தைக் கணிக்க வழிசெய்தது. அதிலிருந்து உருவான கார்டோடெம் என்னும் உயர மாதிரி, இஸ்ரோவின் புவன் இணையத்தளத்தில் கிடைக்கிறது. இம்மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்றுதான்: அவை காட்டைத் துளைத்துத் தரையைப் பார்ப்பதில்லை. எஸ்ஆர்டிஎம் ரேடாரின் அலைநீளம் 5.6 செ.மீ., டான்டெம்-எக்ஸ் உடையது 3.1 செ.மீ. இலைகளும் சிறு கிளைகளும் இந்த அலைகளைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடும். கேமராவுக்கோ இலைக்கு மேலே தெரிவது மட்டும்தான் உலகம்.

சோலையும் புல்வெளியும் அடுத்தடுத்துக் கிடக்கும் மேல்பவானி, முக்கூர்த்திப் பகுதிகளில் இதன் விளைவை வரைபடத்திலேயே பார்க்கலாம். சோலையின் விளிம்பில் தரை திடீரென்று பத்துப் பதினைந்து மீட்டர் எழும்பி நிற்பதைப் போலத் தோன்றும். அங்கே பாறை விளிம்பு எதுவும் இருக்காது, மரங்கள் தொடங்கியிருக்கும், அவ்வளவே. கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தோப்புகளில் இது இன்னும் மோசம். ஒருமுறை ஒரு நண்பர் 2000-ஆம் ஆண்டுத் தரவையும் பிற்காலத் தரவையும் கழித்துப் பார்த்து, உதகைக்கு மேற்கே ஒரு சரிவு முழுவதும் பல மீட்டர் இறங்கிவிட்டது என்று பதற்றத்தோடு வந்தார். நேரில் போய்ப் பார்த்தோம். அங்கிருந்த கற்பூர மரங்களை வெட்டியிருந்தார்கள்.

இந்தக் குறையைப் போக்க அண்மையில் வந்த முயற்சிகளில் குறிப்பிடத்தக்கது, பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் 2022-இல் வெளியிட்ட ஃபேப்டெம். கோப்பர்நிக்கஸ் தரவிலிருந்து காடுகளின் உயரத்தையும் கட்டடங்களின் உயரத்தையும் இயந்திரக் கற்றல் வழியாகக் கணித்துக் கழித்துவிட்டார்கள். வணிகப் பயன்பாட்டுக்கு அன்றி ஆய்வுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் திட்டப்பணிக்கு அதையே முதலில் எடுங்கள் என்பேன். ஆனால் அது தரையை அளந்த தரவு அன்று, தரை இங்கே இருக்கக்கூடும் என்ற ஊகம் என்பதை மறக்க வேண்டாம். ஆற்றோரச் சமவெளியில் வெள்ளக் கணிப்புக்கு அந்த ஊகம் பெரும்பாலும் கைகொடுக்கிறது. செங்குத்தான சோலைப் பள்ளங்களில் கழித்தது கூடியும் போகலாம், குறைந்தும் போகலாம்.

மரத்துக்கு அடியில் உள்ள மண்ணை நேரடியாகத் தொட இன்று நம்மிடம் உள்ள நல்ல கருவி லிடார். விமானத்திலிருந்தோ ட்ரோனிலிருந்தோ விநாடிக்கு லட்சக்கணக்கில் லேசர் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பி வரும் நேரத்தை அளக்கிறார்கள். ஒரு துடிப்பு இலையில் பட்டு ஒரு பகுதி திரும்பும், கிளையில் பட்டு ஒரு பகுதி திரும்பும், மிச்சம் இலைகளுக்கு இடையே கிடைத்த சந்தில் நுழைந்து மண்ணைத் தொட்டுத் திரும்பும். கடைசியாக வருவதுதான் நமக்கு வேண்டியது. சில்வர் ஓக் நிற்கும் தோட்டத்தில் இது எளிது. அடர்ந்த சோலையில் நூறு துடிப்புகளில் இரண்டுதான் தரையை எட்டுகின்றன என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டருக்கு 20 துடிப்பு அனுப்பியும் இரண்டரைச் சதுர மீட்டருக்கு ஒரு தரைப்புள்ளிதான் மிஞ்சும். அப்போதும் அது 30 மீட்டர் செயற்கைக்கோள் தரவைவிட முந்நூறு மடங்குக்கு மேல் செறிவானது.

எனக்கு லிடாரில் பெரிய பாடம் சொல்லிக்கொடுத்தது சோலைக்காடு அன்று, தேயிலைதான். இதை எந்தப் பாடநூலிலும் நான் பார்த்ததில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பராமரிக்கப்படும் தேயிலைச் செடி இடுப்பளவுதான் இருக்கும். ஆனால் கொழுந்து எடுக்கும் மேல்மட்டம் மேசையைப் போலச் சீராகவும் இடைவெளியின்றியும் இருக்கும். லேசர் அதற்குள் நுழைவது அரிது. புள்ளிகளிலிருந்து தரையைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்களில் ஒன்று செய்வதை இப்படி விளக்கலாம்: புள்ளித்திரள் முழுவதையும் தலைகீழாகக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு போர்வையைப் போடுவதாகப் பாவிக்கிறது, போர்வை எங்கெல்லாம் படிகிறதோ அதுவே தரை. மரம் என்றால் கவிழ்த்தபின் அது ஒடுங்கிய குழியாகிவிடும், போர்வை அதற்குள் இறங்காது, மரம் நீங்கிவிடும். தேயிலைக் காடு முழுவதும் ஒரே சீரான மட்டமாக இருப்பதால், போர்வை அதன்மேல் சுருக்கமின்றிப் படிந்துகொள்கிறது. மென்பொருள் தேயிலையின் மேல்மட்டத்தையே தரை என்று எழுதிவிடுகிறது. பிழை ஒரு மீட்டருக்குள்தான், ஆனால் அது தோட்டம் முழுவதும் ஒரே திசையில் இருக்கும் பிழை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தோட்டத்தில் கவாத்து எடுப்பார்கள். செடி பாதியாகக் குறையும். கவாத்துக்கு முன் ஓர் அளவையும் பின் ஓர் அளவையும் எடுத்துக் கழித்தால், பல ஏக்கர் நிலம் அரை மீட்டர் அமிழ்ந்துவிட்டதாகக் கணினி சொல்லும். மெதுவாக நகரும் மண்சரிவின் அடையாளமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். என் முதல் ஒப்பீட்டு அறிக்கையில் இந்தத் தவற்றை நானே செய்தேன். தோட்டத்து மேஸ்திரி ஒருவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இது நாலாம் நம்பர் காடுங்க, போன ஏப்ரல்ல கவாத்து" என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

படிமட்டங்களும் இதே வகைத் தொல்லைதான். கேரட்டும் உருளைக்கிழங்கும் போடும் கேத்திப் பள்ளத்தாக்கின் படிமட்டங்களில், மட்டத்தின் விளிம்பை மென்பொருள் புதர் என்று கருதி மழித்துவிடும். மழிக்காமல் இருக்க அளவுகோலைத் தளர்த்தினால், வேலியோரத்துச் சீகை மரங்கள் தரையாகிவிடும். இரண்டுக்கும் ஒரே அமைப்பு பொருந்தாது. ஆள் உட்கார்ந்து பகுதி பகுதியாகத் திருத்த வேண்டியிருக்கிறது. தானியங்கி என்று விற்கப்படும் எந்தத் தீர்வும் நம் மலையில் இந்த வேலையை முழுதாக ஒழித்து நான் பார்க்கவில்லை.

மீட்டர் அளவுத் தரவு வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். அப்போது புதிய சிக்கல்கள் முளைக்கின்றன. நீரோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் மாதிரியில் மலைச்சாலையே தெரியாது. ஓடை பாட்டுக்கு மேலிருந்து கீழே ஓடும். 1 மீட்டர் மாதிரியில் சாலை ஓர் அணையைப் போலக் குறுக்கே நிற்கும், ஏனென்றால் சாலைக்கு அடியில் இருக்கும் சிறுபாலம் வானத்திலிருந்து தெரிவதில்லை. மென்பொருள் நீரைச் சாலையோரமாகவே திருப்பி, அரை கிலோமீட்டர் தள்ளி ஏதாவது ஒரு வளைவில் கொண்டுபோய்க் கொட்டும். இதைப் பிழை என்று சொல்லி, சிறுபாலம் உள்ள இடங்களிலெல்லாம் மாதிரியைக் குடைந்து நீரை வழிவிடச் செய்வதுதான் முறையான வழக்கம். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் குடைவதற்கு முந்தைய அந்தப் பிழையான வரைபடத்தையும் இப்போதெல்லாம் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன். வடகிழக்குப் பருவமழையில் சிறுபாலம் சருகும் மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டால் நீர் உண்மையிலேயே அந்த வழியில்தான் போகிறது. சாலையோரமாக ஓடி, வழக்கமாக நீர் போகாத ஒரு சரிவின் தலையில் கொட்டுகிறது. மண்சரிவுகள் அப்படிப்பட்ட இடங்களில் தொடங்கியதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன்.

உயரத்தின் தொடக்கப்புள்ளி பற்றியும் ஒரு சொல். ஜிபிஎஸ் கருவி நேரடியாகத் தருவது கடல்மட்டத்திலிருந்து உயரம் அன்று. பூமியை ஒரு சீரான முட்டைவடிவாகப் பாவித்து, அதன் மேற்பரப்பிலிருந்து கணித்த உயரம். உலகிலேயே புவியீர்ப்பு சார்ந்த கடல்மட்டம் மிகவும் தாழ்ந்து கிடக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே வேறுபாடு 100 மீட்டரைத் தாண்டும். அதன் விளிம்பில் இருக்கும் நம் பகுதியில் அது சுமார் 90 மீட்டர். ஆகவே 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில் நின்று கருவியைத் திருத்தமின்றிப் படித்தால், ஏறத்தாழ 90 மீட்டர் குறைவாகக் காட்டும். 90 மீட்டர் பிழையை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆபத்தானவை சிறிய பிழைகள்: ஒரு தரவு 1996-ஆம் ஆண்டின் புவியீர்ப்பு மாதிரியையும் இன்னொன்று 2008-ஆம் ஆண்டின் மாதிரியையும் ஆதாரமாகக் கொண்டிருந்தால், ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது நிலம் முழுவதும் நகர்ந்ததைப் போன்ற தோற்றம் வரும். எஸ்ஆர்டிஎம் முதலாவதைச் சேர்ந்தது, கோப்பர்நிக்கஸ் இரண்டாவதைச் சேர்ந்தது.

கணினிக்கு முன்பும் இந்த மலையின் வடிவத்தை நன்றாகவே படித்தார்கள். முத்தோரையில் இருக்கும் உதகை ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்திருப்பீர்கள். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. 1970-இல் இயங்கத் தொடங்கியது. அது ஏன் சமதளத்தில் இல்லாமல் ஒரு சரிவில் படுத்திருக்கிறது? அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. வடக்கு தெற்காக அதே 11 டிகிரி சாய்வுள்ள ஓர் இயற்கைச் சரிவில் அமைத்துவிட்டால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாகிவிடும். ஒரே அச்சில் திருப்பி ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். அப்படிப்பட்ட சரிவை அவர்கள் தேடியெடுத்தது செயற்கைக்கோள் தரவுகள் வருவதற்கு முன்பு. இன்று உங்கள் மடிக்கணினி அந்தத் தேடலை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும். இதற்கு 30 மீட்டர் தரவே தாராளம். அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே சீராக இருக்க வேண்டிய சரிவைத் தேடுகிறவருக்கு 5 மீட்டர் மண்சுவரைப் பற்றிய கவலை இல்லை.

இனி வருங்காலம். நாட்டளவில் முதலில் கவனிக்க வேண்டியது சட்டமும் கொள்கையும். 2021 பிப்ரவரி வரை நுண்ணிய நில அளவைக்கு முன்அனுமதிகள் பல வேண்டியிருந்தன. அந்த மாதம் வந்த வழிகாட்டுதல்கள் இந்திய நிறுவனங்களுக்கு அந்தத் தடையைப் பெருமளவு நீக்கின. கிடைமட்டத்தில் 1 மீட்டரையும் செங்குத்தில் 3 மீட்டரையும்விட நுண்ணிய தரவை உருவாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை இந்திய நிறுவனங்களுக்கு மட்டும் என்று வகுத்தன. 2022 டிசம்பரில் வந்த தேசியப் புவிசார் கொள்கை, 2030-க்குள் சமவெளிக்கு 25 செ.மீ., மலைப்பகுதிகளுக்கு 1 முதல் 3 மீட்டர் என்ற அளவில் உயர்துல்லிய உயர மாதிரி உருவாக்கப்பட வேண்டும் என்று இலக்கு வைத்தது. மலைக்கு ஏன் தளர்ந்த அளவு என்பது புரிகிறது. பறப்பது கடினம், செலவு அதிகம், மரம் அடர்த்தி. ஆனாலும் 25 செ.மீ. துல்லியம் அதிகம் தேவைப்படுவது சரியும் மண்ணுக்கு அடியில் குடியிருக்கும் எங்களுக்குத்தான் என்ற மனக்குறை எனக்கு உண்டு. நீலகிரி மாவட்டம் சுமார் 2,500 சதுர கி.மீ.தான். 1 மீட்டர் கட்டமாகப் போட்டாலும் 250 கோடி கட்டங்கள்; ஏறத்தாழ 10 ஜிபி, ஒரு பென்டிரைவில் அடங்கிவிடும். சுவிட்சர்லாந்து தன் மலைகளுக்கு அரை மீட்டர் கட்டத்தில் தரைமாதிரி தயாரித்து, 2021 மார்ச்சிலிருந்து யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி விட்டிருக்கிறது. நம்மிடம் தரவு உருவானாலும் அது ஊராட்சிப் பொறியாளர் கைக்கும் உங்களைப் போன்ற மாணவர் கைக்கும் வருமா என்பதில்தான் அதன் பயன் இருக்கிறது.

விண்ணிலிருந்து வருபவற்றில் இரண்டைக் கவனியுங்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2025 ஜூலை 30-இல் ஏவப்பட்ட நாசா-இஸ்ரோ கூட்டுச் செயற்கைக்கோளான நிசார், 24 செ.மீ. அலைநீளமுள்ள எல்-பேண்ட் ரேடாரையும் இஸ்ரோவின் எஸ்-பேண்ட் ரேடாரையும் சுமக்கிறது. 12 நாள்களுக்கு ஒருமுறை அதே பாதையில் திரும்பி வந்து, தரை சில செ.மீ. நகர்ந்திருந்தாலும் கண்டறியக்கூடியது. நீண்ட அலை என்பதால் இலைகள் அதை அவ்வளவாகக் குழப்புவதில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய பயோமாஸ், சுமார் 70 செ.மீ. அலைநீளத்தால் அடர்காட்டுக்கு அடியில் உள்ள தரையையே பார்க்க முயல்கிறது. அதன் கட்டம் பெரியது, ஆகவே வீட்டுமனைக்கு உதவாது, ஆனால் ஃபேப்டெம் போன்ற ஊகங்களைத் திருத்த உதவும். நிசார் பற்றி நாளிதழ்களில் வந்ததைப் படித்துவிட்டு, இனி நீலகிரியில் மண்சரிவு முன்கூட்டியே தெரிந்துவிடும் என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். அப்படி எளிதாக நடக்காது. ரேடார் பக்கவாட்டில் பார்க்கிறது, செயற்கைக்கோள் வடக்கு தெற்காகப் பறக்கிறது. ஆகவே கிழக்கு அல்லது மேற்கு பார்த்த சரிவின் நகர்வு நன்றாகத் தெரியும், வடக்கு தெற்காக நகர்வது மங்கலாகத்தான் தெரியும். அதைவிட முக்கியமானது, நம் மலையில் உயிர்களைக் கொன்ற சரிவுகள் பலவும் மாதக்கணக்கில் ஊர்ந்து வந்தவை அல்ல. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்து, மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, பெரும்பாலான சரிவுகள் சில நிமிடங்களில் நடந்து முடிந்தவை. மெல்ல ஊர்ந்து நகரும் மண்சரிவுகளுக்கு நிசார் அருமையான கருவி. மழையில் உடைந்து விழும் சரிவுக்கு மழைக் கணிப்பும் நுண்ணிய தரைமாதிரியும் சேர்ந்துதான் உதவ முடியும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நீலகிரியையும் டார்ஜிலிங்கையும் முன்னோடி மாவட்டங்களாகக் கொண்டு அந்தத் திசையில்தான் பணி செய்துவருகிறது.

செயற்கை நுண்ணறிவு பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை என்றாலும், வருங்காலம் என்றவுடன் எல்லாரும் அதைத்தான் எண்ணுகிறார்கள். தரைப்புள்ளியையும் இலைப்புள்ளியையும் பிரிப்பதில் ஆழ்கற்றல் முறைகள் பழைய போர்வை முறையைவிட முன்னேறிவிட்டன. நம் தேயிலையையும் படிமட்டத்தையும் காட்டிப் பயிற்றுவித்தால் நமக்கும் நன்றாகவே வேலை செய்யும் என்று நம்புகிறேன். 30 மீட்டர் தரவைக் கொடுத்து 5 மீட்டர் தரவைப் பெறலாம் என்று சொல்லும் கருவிகளில்தான் எனக்கு ஐயம். அவை வேறெங்கோ பார்த்த மலைகளின் சாயலை இங்கே வரைந்துவிடுகின்றன. ஓடைகள் கூர்மையாகத் தெரியும், முகடுகள் அழகாக இருக்கும், போய்ப் பார்த்தால் அந்த ஓடை அங்கே இருக்காது. மங்கலான படத்தைப் பார்க்கிறவர் தாமாகவே எச்சரிக்கையாகிவிடுவார். இந்தப் படம் அந்த எச்சரிக்கையையும் எடுத்துவிடுகிறது.

இத்துறையின் உண்மையான அடுத்த படி, கட்டத்தைச் சிறிதாக்குவதைவிட, காலத்தைச் சேர்ப்பது என்பது என் கருத்து. இன்றைய மாதிரிகள் மலை மாறாதது என்ற எண்ணத்தோடு ஒருமுறை அளந்து வைத்தவை. எஸ்ஆர்டிஎம் காட்டும் குன்னூர் 2000 பிப்ரவரியின் குன்னூர். அதன்பின் வெட்டப்பட்ட மனைகளும் அகலப்படுத்தப்பட்ட சாலைகளும் எழுந்த தடுப்புச்சுவர்களும் அதில் கிடையாது. நெதர்லாந்து 1990-களின் இறுதியிலிருந்தே நாடு முழுவதையும் லிடாரால் திரும்பத் திரும்ப அளந்துவருகிறது. அப்படி இரண்டு அளவைகள் இருந்தால், எந்தச் சரிவில் எத்தனை கன மீட்டர் மண் வெட்டப்பட்டது, அது எந்த ஓடையில் கொட்டப்பட்டது என்பதைக் கழித்தல் கணக்காகவே சொல்லிவிடலாம். நீலகிரிக்கும் பழனி மலைக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, கோடையில், ஒரே முறையில் எடுத்த லிடார் அளவை கிடைத்தால், ஒருமுறை மட்டும் எடுத்த 25 செ.மீ. தரவைவிட அதையே நான் விரும்பி ஏற்பேன்.

எவ்வளவு நுண்மையானாலும் இந்த மாதிரி மேற்பரப்பின் வடிவத்தை மட்டுமே சொல்லும். சார்னோகைட் பாறைமேல் சிதைந்து படிந்திருக்கும் செம்மண் ஓரிடத்தில் ஒரு மீட்டர் ஆழமும் பக்கத்திலேயே பத்து மீட்டர் ஆழமும் இருக்கும். சரிவது அந்த மண்தான். அதற்குத் துளையிட்டுப் பார்க்க வேண்டும், அல்லது சாலை வெட்டிய முகத்தில் நின்று பார்க்க வேண்டும்.

உங்கள் திட்டப்பணிக்கு வருகிறேன். ஃபேப்டெம், கோப்பர்நிக்கஸ் இரண்டையும் எடுத்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். எங்கெல்லாம் வேறுபாடு பெரிதாக இருக்கிறதோ அங்கெல்லாம் உங்கள் சரிவு எண்களை நம்ப வேண்டாம் என்று அறிக்கையில் எழுதுங்கள். பிறகு அந்தச் சரிவில் ஓர் ஐந்து ஏக்கரை மட்டும் தேர்ந்துகொண்டு நேரில் அளந்து பாருங்கள். மரத்தடியில் ஜிபிஎஸ் தடுமாறும், பள்ளத்தில் கைப்பேசி அலைவரிசை கிடைக்காததால் ஜிபிஎஸ் பிழையைத் திருத்த வேண்டிய செய்தியும் வராது. கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவி இரவல் கிடைத்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். சாலைக்கு அடியில் உள்ள ஒவ்வொரு சிறுபாலத்தையும் குறித்து, அடைத்திருக்கிறதா திறந்திருக்கிறதா என்றும் எழுதிக்கொள்ளுங்கள். ட்ரோன் பறக்கவிட அனுமதியும் ஆளும் கிடைத்தால், மஞ்சு ஏறுவதற்கு முன் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். போவதற்கு முன் தோட்டத்து மேஸ்திரியிடம் எந்தக் காட்டில் இந்த ஆண்டு கவாத்து முடிந்திருக்கிறது என்று கேட்டு, அந்தக் காட்டைத் தேர்ந்தெடுங்கள். கவாத்து முடிந்த சில வாரங்களுக்குத்தான் தேயிலைக்கு அடியில் இருக்கும் மண் வானத்துக்குத் தெரியும்.